அனுப்பப்படும் முன்: மிஷனரி ஊழியம் பற்றி நீங்கள் கேட்டவை

மிஷனரிகளுக்காக எப்படி ஜெபிப்பது என்று சில இதழ்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பலவும், "ஜெபிக்கிறது இருக்கட்டும் அக்கா, நானே போக வேண்டும் போல இருக்கிறது, என்ன செய்ய?" என்று கேட்டவைதான். மொழியும் பழக்கவழக்கமும் வேறான ஒரு ஜனத்தின் நடுவே போய் வாழ்ந்து சுவிசேஷம் சொல்வதைப் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. மிஷனரிக் கூட்டம் ஒன்றில் அர்ப்பணிப்புக்கு அழைத்தபோது அழுதுகொண்டே எழுந்து நின்றேன். ஆறு மாதம் ஆகிறது, அந்த வேகம் இப்போது இல்லை. அது கர்த்தருடைய அழைப்பா, அந்த நேரத்து உணர்ச்சியா?

பதில்: தம்பி, கண்ணீர் நின்றுவிட்டதே என்று பயப்பட வேண்டாம். கண்ணீர் வந்ததால் அது அழைப்புதான் என்றும் முடிவுகட்ட வேண்டாம். பாட்டும் சாட்சியும் சேர்ந்து மனதை உருக்கும், அதில் தப்பில்லை, கர்த்தர் அதையும் பயன்படுத்துகிறார். ஆனால் பாட்டு ஓய்ந்து, வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பி, யாரும் எதுவும் கேட்காத ஒரு சாதாரண வாரத்திலும் அந்த ஜனங்களைப் பற்றிய பாரம் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்தும் உட்கார்ந்து இதை எழுதிக் கேட்கிறீர்கள் என்றால், ஏதோ ஒன்று உங்களை விடவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்னொன்று, இதை நீங்கள் தனியாகத் தீர்மானிக்க வேண்டியதே இல்லை. பவுல் யாரிடம் அனுப்பப்படப் போகிறார் என்பது தமஸ்குவிலேயே சொல்லப்பட்டாயிற்று (அப்போஸ்தலர் 9:15). அதற்காக அவர் மறுநாளே கப்பல் ஏறவில்லை. அரபிதேசம், எருசலேம், சொந்த ஊரான தர்சு என்று வருஷங்கள் போயின. பர்னபா தேடிப் போய்க் கூட்டிவந்த பிறகு அந்தியோகியா சபையில் ஒரு வருஷம் முழுவதும் உட்கார்ந்து போதித்தார். அப்புறம்தான் 13ஆம் அதிகாரம் வருகிறது: ஐந்து பேர் உபவாசித்து ஆராதிக்கும்போது ஆவியானவர் அந்தக் குழுவோடு பேசுகிறார், அவர்கள் ஜெபித்துக் கைகளை வைத்து அனுப்புகிறார்கள். ஆண்டவரை நேரிலே கண்டவருக்கே சபை தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவை!

அதனால் உங்கள் போதகரிடமும், உங்களை நன்றாகத் தெரிந்த பெரியவர்கள் இரண்டு பேரிடமும் மனம் திறந்து சொல்லுங்கள். அவர்களில் ஒருவராவது உங்களை வீட்டில் பார்த்தவராக இருக்கட்டும். கூட்டத்தில் உருக்கமாக ஜெபிக்கிற தம்பியை எல்லாருக்கும் தெரியும், அம்மா ஒரு வேலை சொன்னால் முகத்தைச் சுளிக்கிற தம்பியைச் சிலருக்குத்தான் தெரியும். "உனக்குக் கோபம் அதிகம்ப்பா, இன்னும் கொஞ்சம் பொறு" என்று அவர் சொன்னால் உங்களுக்குள் என்ன எழும்புகிறது என்று கவனியுங்கள். திருத்தினால் தாங்கிக்கொள்கிற மனசு இருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஏனென்றால் பணித்தளத்தில் முதல் சில வருஷங்கள் திருத்தப்படுவதுதான் வேலையே. பேச்சைத் திருத்துவார்கள், உட்காருகிற விதத்தைத் திருத்துவார்கள், சின்னப் பிள்ளைகள்கூடத் திருத்தும்.

கேள்வி: அழைப்பு நிச்சயம். எந்த தேசம், எந்த ஜனம் என்பதுதான் தெரியவில்லை. தெரியாமல் எப்படி ஆயத்தப்படுவது?

பதில்: தெரிந்ததாக நினைத்துக் கிளம்பியவர்களே வேறு இடத்தில்தான் போய்ச் சேர்ந்தார்கள். வில்லியம் கேரி முதலில் யோசித்தது தென்கடல் தீவுகளை, 1793இல் வந்து இறங்கியது வங்காளத்தில். டேவிட் லிவிங்ஸ்டன் சீனாவுக்குத் தயாரானார், அபினிப் போர் குறுக்கே வந்தது, 1841இல் ஆப்பிரிக்காவில் இருந்தார். அதோனிராம் ஜட்சன் 1812இல் கல்கத்தாவுக்கு வந்தும் கிழக்கிந்தியக் கம்பெனி இருக்க விடவில்லை, மறுவருஷம் பர்மாவுக்குப் போனார். பவுலும் பித்தினியாவுக்குப் போகப் பார்த்துத் தடுக்கப்பட்டுத்தானே துரோவாவுக்கு வந்து, மக்கெதோனியனுடைய தரிசனத்தைக் கண்டார்?

ஒரு ஜனத்தை எடுத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அவர்களுடைய சரித்திரம், அவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள், எதைப் பெருமையாக நினைக்கிறார்கள், வேதம் அவர்கள் பாஷையில் இருக்கிறதா என்று தேடிப் படித்து, அதை வைத்து ஜெபியுங்கள். கர்த்தர் வேறு திசையில் திருப்பினால் இந்தப் பழக்கம் வீணாகாது.

கேள்வி: நான் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். வேலையை விட்டுவிட்டு வேதாகமக் கல்லூரியில் சேருவதா, நேரே பணித்தளத்துக்குப் போவதா?

பதில்: இரண்டுக்கும் முன்னால், தயவுசெய்து வேலையை அவசரப்பட்டு விடாதீர்கள். பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில் தங்கிக் கூடாரம் பண்ணினவர். இன்று பல இடங்களுக்கு மிஷனரி என்ற பெயரில் போக வழியே இல்லை, தொழில் தெரிந்தவருக்குத்தான் கதவு திறக்கிறது. ஆனால் ஒன்று, தொழிலை முகமூடியாக்காதீர்கள். இன்ஜினியராகப் போனால் உண்மையாகவே இன்ஜினியர் வேலையை நன்றாகச் செய்ய வேண்டும். வேலை செய்யாமல் வேலைக்காரன் மாதிரி நடிக்கிறவன் சொல்லும் சுவிசேஷத்தை அந்த ஊர்க்காரர்கள் ஏன் நம்ப வேண்டும்?

வேதாகமக் கல்லூரி நல்லது. நீங்கள் வேதத்தை மொழிபெயர்க்கவோ, போதகர்களைப் பயிற்றுவிக்கவோ போகிறீர்கள் என்றால் கட்டாயம் தேவை. மற்றவர்களுக்கு, வேலையில் இருந்துகொண்டே படிக்கிற வகுப்புகளும், போவதற்கு முன் மிஷன் ஸ்தாபனம் தருகிற பயிற்சியும் போதலாம். அதை உங்கள் சபையும் உங்களை அனுப்பப் போகிற ஸ்தாபனமும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பட்டத்தைவிட எனக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்: கெட்ட குமாரன் உவமையை, சபைக்கே வராத ஒருவரிடம், "இரட்சிப்பு", "கிருபை", "அபிஷேகம்" போன்ற ஒரு வார்த்தையும் இல்லாமல் உங்களால் சொல்ல முடியுமா? சொல்லிப் பாருங்கள், கஷ்டம் தெரியும். நாம் சபைக்குள்ளேயே பேசிப் பழகி, வெளியே ஒருவருக்கும் புரியாத பாஷையில் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம். கடல் தாண்டிப் போகும் முன், வேறு மொழி பேசுகிற, வேறு நம்பிக்கை உள்ள ஒரு குடும்பத்தோடு இங்கேயே உண்மையான நட்பு வையுங்கள். உங்கள் அலுவலகத்திலோ தெருவிலோ அப்படி யாராவது இருப்பார்கள். அவர்களைக் கூட்டத்துக்கு இழுக்கிற யோசனையோடு போகாமல் முதலில் அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் போய் உட்காருங்கள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போங்கள். இங்கே ஒரு அயலானோடும் பழகத் தெரியாதவருக்கு விமானத்தில் ஏறியதும் அந்த அன்பு திடீரென்று வந்துவிடாது.

யாரும் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உடன் ஊழியரோடு ஒரே வீட்டில் வாழப் பழகுங்கள். உபத்திரவத்தால் திரும்பி வந்தவர்களைவிட, கூட இருந்தவர்களோடு ஒத்துப்போகாமல் திரும்பி வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாத்திரம் யார் கழுவுவது, பணம் யார் கையில் இருப்பது, இரவில் எத்தனை மணி வரை விளக்கு எரியலாம் என்பதில் தொடங்கும். பவுலும் பர்னபாவுமே கடும் வாக்குவாதம் பண்ணிப் பிரிந்தார்கள் என்று லூக்கா மறைக்காமல் எழுதியிருக்கிறார். இப்போதே இரண்டு மூன்று பேரோடு ஒரு அறையைப் பகிர்ந்து கொஞ்ச காலம் வாழ்ந்து பாருங்கள். மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

கேள்வி: எனக்கு மொழி வரவே வராது. பள்ளியில் இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறித்தான் தேறினேன். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு ஊழியம் செய்யக்கூடாதா?

பதில்: குறுகிய பயணம் என்றால் செய்யலாம். வாழப் போகிறீர்கள் என்றால் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அப்போஸ்தலர் 14ஐ எடுத்து மெதுவாக வாசியுங்கள். லீஸ்திரா என்ற ஊரில் பவுலும் பர்னபாவும் இருக்கும்போது பிறவிச் சப்பாணி ஒருவன் எழுந்து நடக்கிறான். ஜனங்கள் லிக்கவோனியா பாஷையில் சத்தமிடுகிறார்கள்: தேவர்கள் மனுஷரூபமெடுத்து இறங்கிவிட்டார்களாம், பர்னபா யூப்பித்தராம், பவுல் மெர்க்கூரியாம். அந்தக் கூச்சல் எழும்பியபோது அப்போஸ்தலர் இருவரும் ஒன்றும் செய்யவில்லை. பூசாரி எருதுகளையும் பூமாலைகளையும் வாசலுக்குக் கொண்டுவந்து பலியிடப் போன பிறகுதான் விஷயம் அவர்கள் காதுக்கு எட்டி, வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார்கள். அந்த ஊர் பாஷை அவர்களுக்குப் பிடிபடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கு மொழியில் பேசியிருப்பார்கள், ஜனங்களுக்கும் அது ஓரளவு புரிந்திருக்கும். ஆனால் உணர்ச்சி பொங்கியபோது வாயில் வந்தது தாய்மொழிதான். மனிதர்கள் பயப்படுவதும் அழுவதும் சாமி கும்பிடுவதும் அந்த மொழியில்தான். அது தெரியாதவருக்கு, தான் சொன்னதை ஜனங்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதே தெரியாது.

பள்ளியில் தட்டுத்தடுமாறியதை வைத்து உங்களைக் கணக்குப் போடாதீர்கள். பள்ளியில் பரீட்சைக்குப் படித்தோம், இங்கே ஒரு மனுஷனோடு பேசுவதற்காகப் படிக்கிறோம். சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு 24 வயது நிறைய ஒரு நாள் பாக்கி. தமிழ் கற்க, உள்ளூர் வாத்தியார் ஒருவரைத் தம்முடைய வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துப் பழகினார். படித்த ஜெர்மானியப் போதகர், அ, ஆ எழுதுகிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில்! அந்த மணலில் ஆரம்பித்துத்தான் 1711இல் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்தார், 1715இல் அது அச்சாகி வந்தது. நம்முடைய சபைகளின் கதையில் அந்தத் தரையில் உட்கார்ந்ததற்கு ஒரு பெரிய பங்கு உண்டு. நல்ல ஞாபகசக்தியைவிட அந்தத் தாழ்மைதான் மொழியைக் கொண்டுவரும்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, மொழி வராது என்று பெயர் வாங்கியவர், தினமும் சாயங்காலம் ஆடு மேய்த்துத் திரும்பும் ஒரு தாத்தாவோடு போய் உட்காருவார். கயிற்றை எப்படி முடிச்சுப் போடுவது என்று தாத்தா சொல்லுவதை போனில் பதிவு செய்துகொண்டு, இரவில் அந்த ஒரு நிமிடத்தையே வாய் அசையக் கேட்டுக்கொண்டு கிடப்பார். மறுநாள் அதையே தாத்தாவிடம் சொல்லிக்காட்டுவார். தாத்தா சிரித்து, தாடையைப் பிடித்து நாக்கு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவார். கூட வந்தவர்கள் இலக்கணப் புத்தகத்தில் பாதி தாண்டியிருந்தார்கள், ஆனால் ஊர்க்காரர்கள் பேச உட்காருவது இந்தத் தம்பியோடுதான். பிற்பாடு அந்தத் தாத்தாதான் அவருக்காக ஊரில் பேசினார். நீங்களும் இப்போதே ஏதாவது ஒரு புது மொழியை இப்படிக் காதால் கற்கத் தொடங்குங்கள். எந்த மொழி என்பது அவ்வளவு முக்கியமில்லை, கேட்டுக் கற்கும் பழக்கம் வந்துவிட்டால் அடுத்ததற்கும் கைகொடுக்கும்.

கேள்வி: எனக்கு அழைப்பு இருக்கிறது, என் மனைவிக்கு இல்லை. இரண்டு சின்னப் பிள்ளைகள். கர்த்தருக்குக் கீழ்ப்படிவதா, மனைவிக்காக நிற்பதா?

பதில்: சகோதரரே, கேள்வியை இப்படிப் போட்டதே எனக்குக் கவலையாக இருக்கிறது. கர்த்தர் ஒரு பக்கம், மனைவி இன்னொரு பக்கம் என்று நிறுத்தாதீர்கள்.

கேரியை எல்லாரும் மேடையில் சொல்லுவோம். டாரதி கேரியைச் சொல்ல மாட்டோம். கணவர் இந்தியாவுக்குப் போகத் தீர்மானித்தபோது அவர் வர மறுத்தார். பயணம் தாமதமானதால் கணவர் திரும்பி வந்து மறுபடி மறுபடி கேட்ட பிறகு, கைக்குழந்தையை வைத்திருந்த டாரதி, தங்கை கூட வந்தால் வருகிறேன் என்று ஒத்துக்கொண்டு 1793இல் கப்பல் ஏறினார். வந்த இடத்தில் நோய், தரித்திரம், ஓரிடத்தில் நிலைக்காத வாழ்க்கை. 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்துபோனான். அதற்குப் பிறகு அவருடைய மனம் நிலைதவறியது, 1807இல் சாகும்வரை சரியாகவில்லை. அடுத்த அறையில் அவர் கூக்குரலிட, இந்தப் பக்கம் கேரி மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கேரியின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் டாரதியின் பாடுகளை ஊழியத்துக்கான கிரயம் என்று சுலபமாக எழுதித் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கிரயத்தைக் கொடுக்க அவர் முன்வரவில்லை, அவர்மேல் சுமத்தப்பட்டது.

உங்கள் மனைவியோடு உட்கார்ந்து அவருடைய பயங்களை முழுவதும் கேளுங்கள், நடுவில் வசனம் சொல்லாதீர்கள். பிள்ளைகளின் படிப்பு, பிரசவம், அவருடைய அம்மா அப்பா, தனிமை, இவையெல்லாம் நியாயமான கேள்விகள். மிஷனரிக் குடும்பம் ஒன்றை வீட்டுக்கு அழைத்து, அந்த அம்மாவும் உங்கள் மனைவியும் தனியாகப் பேசட்டும். இருவருமாகக் கொஞ்ச நாள் ஒரு பணித்தளத்தைப் போய்ப் பார்த்து வாருங்கள். அதற்குப் பிறகும் அவர் மனம் வரவில்லை என்றால் நீங்கள் போகக்கூடாது. அனுப்புகிறவராக, ஜெபிக்கிறவராக, மொழி தெரியாமல் உங்கள் பகுதிக்கு வந்து சேர்ந்த அந்நியருக்கு நண்பராக இருங்கள். நல்ல மிஷன் ஸ்தாபனங்களும் கணவன் மனைவி இருவரையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் எடுக்கும்.

கேள்வி: அப்பா அம்மா விசுவாசிகள்தான். ஆனாலும் "எங்களை யார் பார்ப்பார்கள்?" என்று அழுகிறார்கள். நான் ஒரே மகள்.

பதில்: அந்த அழுகையை விசுவாசக்குறைவு என்று தீர்த்துவிடாதீர்கள், மகளே. 1853 செப்டம்பரில் லிவர்பூல் துறைமுகத்தில், சீனாவுக்கு மிஷனரியாகப் புறப்பட்ட ஹட்சன் டெய்லரை வழியனுப்ப வந்த அம்மா, கப்பலுக்குள் வந்து அவருடைய சின்னப் படுக்கையைத் தம் கையால் நீவிவிட்டு, கூட உட்கார்ந்து பாடி ஜெபித்தவர். மகனைச் சந்தோஷமாகக் கொடுத்தவர்தான். கப்பல் நகர்ந்தபோது அவர் வாயிலிருந்து வந்த கதறலை டெய்லர் கடைசிவரை மறக்கவில்லை.

உங்கள் பெற்றோர் கேட்பது நிஜமான கேள்வி, அதற்கு நிஜமான பதில் வேண்டும். வயதான காலத்தில் மருத்துவச் செலவுக்கு என்ன ஏற்பாடு, அவசரம் என்றால் யார் ஓடிவருவார்கள், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வருவீர்கள், கடைசிக் காலத்தில் நீங்கள் திரும்பி வந்து கூட இருப்பீர்களா என்பதையெல்லாம் சபைப் பெரியவர்களையும் வைத்துப் பேசி எழுதி வையுங்கள். பெற்றோருக்குச் செய்யவேண்டியதைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி ஒதுக்கியவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மாற்கு 7). தம்மைவிடத் தகப்பனையும் தாயையும் அதிகமாய் நேசிக்கக்கூடாது என்று சொன்னவரும் அவரே. இரண்டையும் பிடித்துக்கொண்டு, கொஞ்ச காலம் எடுத்துக்கொள்ளுங்கள். சில பெற்றோர் ஒப்புக்கொள்ள வருஷங்கள் ஆகும்.

கேள்வி: கடன் இருக்கிறது. விசுவாசத்தோடு கிளம்பலாமா?

பதில்: கூடாது. அடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: மிஷனரி தன் தேவையை மனிதரிடம் சொல்லலாமா? ஹட்சன் டெய்லர் கர்த்தரிடம் மட்டும்தானே கேட்டார்?

பதில்: ஹல் பட்டணத்தில் டாக்டரிடம் உதவியாளராக இருந்தபோது, மறந்துபோன சம்பளத்தைக்கூட டாக்டருக்கு ஞாபகப்படுத்தாமல் ஜெபத்தில் காத்திருந்து தம்மைப் பழக்கினார், உண்மைதான். அதே காலத்தில் மலிவான வாடகை அறையில் தங்கி, எளிய சாப்பாடு சாப்பிட்டு, வருமானத்தில் பெரும்பங்கை ஏழைகளுக்குக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது அவருக்குக் கர்த்தர் காட்டிய வழி. பவுல் பிலிப்பியருடைய காணிக்கையை நன்றியோடு வாங்கிக்கொண்டார், ரோமருக்கு எழுதும்போது ஸ்பானியாவுக்குத் தம்மை வழிவிட்டனுப்பும்படி எதிர்பார்ப்பதை வெளிப்படையாகவே சொன்னார். தேவையைச் சொல்வதில் வெட்கமில்லை. கூட்டிச் சொல்வதும், ஜனங்களின் வறுமைப் படங்களைக் காட்டி அழவைத்துப் பணம் சேர்ப்பதும்தான் தவறு. அந்தப் படத்தில் இருப்பவர் அந்தக் கடிதத்தை வாசித்தால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துவிட்டு அனுப்புங்கள். வாங்குகிற ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வையுங்கள்.

கேள்வி: கல்யாணம் ஆகாத பெண் நான். இருதயத்திலும் சின்னக் கோளாறு உண்டு. என்னை ஏற்பார்களா?

பதில்: லிலியாஸ் டிராட்டரை உடல்நிலை காரணமாக ஒரு மிஷன் ஸ்தாபனம் ஏற்கவில்லை. 1888இல் இரண்டு தோழிகளோடு அல்ஜீரியாவுக்குப் போனவர், 1928இல் இறக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார். அதற்காக டாக்டர் சொல்வதைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. முழுப் பரிசோதனை செய்து, ரிப்போர்ட்டில் ஒன்றையும் மறைக்காமல் ஸ்தாபனத்திடம் கொடுங்கள். ஆஸ்பத்திரி பக்கத்தில் உள்ள பணித்தளமும் உண்டு, தனியாக இல்லாமல் குழுவோடு போகவும் வழி உண்டு. கல்யாணம் ஆகவில்லை என்பது தடையே இல்லை. பெண்களிடம் பெண்கள்தான் போய்ப் பேச முடியும் என்ற வீடுகள் உலகத்தில் ஏராளம்.

கேள்வி: போனேன், முதல் வருஷம் முடியும் முன்பே திரும்பி வந்துவிட்டேன். உடம்பும் போயிற்று, மனமும் போயிற்று. சபையில் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. எனக்கு அழைப்பே இல்லையா?

பதில்: முதலில் தூங்குங்கள், சாப்பிடுங்கள், டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மருந்து வேண்டுமென்றால் வாங்கிச் சாப்பிடுங்கள், அது விசுவாசக்குறைவு இல்லை. இப்போது எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

ஏமி கார்மைக்கேல் 1893இல் ஜப்பானுக்குப் போய், உடல்நலம் கெட்டு, இரண்டு வருஷம்கூட முடியாமல் அங்கிருந்து கிளம்பினார். 1895இல் இந்தியாவுக்கு வந்தார். அதற்குப் பிறகு 1951இல் டோனாவூரில் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. ஜப்பானை விட்டு வந்த அன்று அவரைப் பார்த்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? மாற்கும் பவுலோடும் பர்னபாவோடும் ஊழியத்துக்குப் போய், பெர்கேயிலிருந்து பாதி வழியில் திரும்பியவர். பவுல் அவரை மறுபடி கூட்டிக்கொண்டு போகச் சம்மதிக்கவில்லை. பர்னபாதான் அவரைச் சேர்த்துக்கொண்டு சீப்புருதீவுக்குப் போனார். கடைசியில் அதே பவுல், மாற்கு ஊழியத்தில் தமக்குப் பிரயோஜனமுள்ளவன், கூட்டிக்கொண்டு வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்.

உங்களுக்கும் ஒரு பர்னபா வேண்டும். சபையில் எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், நம்பக்கூடிய ஒருவரிடம் நடந்ததையெல்லாம் சொல்லுங்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும், உங்களை அனுப்பிய ஸ்தாபனத்துக்கு எங்கே பயிற்சி போதவில்லை, எந்த இடத்தில் தனியாக விடப்பட்டீர்கள் என்று நேர்மையாக எழுதுங்கள், அடுத்துப் போகிறவர்களுக்கு அது உதவும். அங்கே உங்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டவர்கள் யாராவது இருப்பார்கள் அல்லவா, சொல்லாமல் வந்துவிட்டீர்களே என்று அவர்களும் தவித்துக்கொண்டிருப்பார்கள். கற்றுக்கொண்ட அந்தக் கொஞ்ச மொழியிலேயே அவர்களுக்கு ஒரு போன் போட்டு, நலமா என்று கேளுங்கள்.